நெருப்புக்குச் சாப்பாடு போடுவது
(எங்கள் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போபாலில் முப்பது வருஷம் பாலிடெக்னிக்கில் மெக்கானிகல் பாடம் நடத்தி ரிடையர் ஆனவன் நான். "ராக்கெட் எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்று எல்லோருக்கும் புரிகிற மாதிரி பேசுங்கோ" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். ஒப்புக்கொண்டதற்குக் காரணம், நான் செய்த ஒரு தப்பை இந்தச் சபையில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதும்தான்.

முதலில் விஷயத்துக்கு வருகிறேன். காஸ் வருவதற்கு முன்னால் நம் அகங்களில் பம்ப் ஸ்டவ் இருந்தது. காற்றை அடித்தால் அழுத்தத்தில் மண்ணெண்ணெய் மேலே ஏறும். சூடான குழாய் வழியாகப் போகும்போது ஆவியாகி, நிப்பிள் வழியாகச் சீறிக்கொண்டு வந்து எரியும். நிப்பிளில் ஒரு தூசி அடைத்தால் போதும், அன்றைக்குக் காபி தாமதம்தான். பின்னை எடுத்துக் குத்த வேண்டும். இந்த ஸ்டவ் புரிந்தால் திரவ ராக்கெட் எஞ்சின் பாதி புரிந்த மாதிரி.

ஸ்டவ் பிராணவாயுவை வெளிக்காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆகாயத்துக்கு மேலே காற்று ஏது? ஆகவே ராக்கெட் எரிபொருளை ஒரு டாங்கிலும், எரிய வைக்கும் திரவத்தை இன்னொரு டாங்கிலும் சுமந்து போகிறது. 1926 மார்ச் 16 அன்று அமெரிக்காவில் ராபர்ட் காடர்ட் பெட்ரோலும் திரவ ஆக்ஸிஜனும் வைத்து முதல் திரவ ராக்கெட்டை விட்டார். இரண்டரை நொடிதான் பறந்தது. இரண்டும் அறைக்குள் எரிந்து, வாயு கீழே சீறிப் பாயும் வேகத்தின் எதிர்விளைவாக ராக்கெட் மேலே போகிறது.

ஸ்டவ்வில் டாங்கிலேயே அழுத்தம் கொடுக்கிறோம். பி.எஸ்.எல்.வி.யின் நான்காவது கட்டம் போன்ற சின்ன எஞ்சின்களுக்கு இந்த முறை போதும். பெரிய எஞ்சினுக்கு அப்படிச் செய்தால் டாங்கின் சுவர் தடிமனாகி, அந்த கனமே ராக்கெட்டைக் கீழே இழுக்கும். அதனால் லேசான டாங்கும், பலமான பம்ப்பும் வைக்கிறார்கள். அந்தப் பம்ப்பைச் சுற்ற ஒரு டர்பைன். டர்பைனைச் சுற்ற, அதே எரிபொருளில் கொஞ்சம் எரித்துக் கிடைக்கும் வாயு. இதற்கு டர்போ பம்ப் என்று பெயர்.

நம் விகாஸ் எஞ்சின் இந்த வகை. 1974-ல் பிரான்ஸின் எஸ்.இ.பி. நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தத்தின் மூலம் வந்த தொழில்நுட்பம். திருநெல்வேலி ஜில்லா மகேந்திரகிரியில் இதைச் சோதிக்கிறார்கள். ஏறத்தாழ 80 டன் உந்துவிசை. இதன் இரண்டு திரவங்களும் ஒன்றையொன்று தொட்ட மாத்திரத்தில் பற்றிக்கொள்ளும், தீக்குச்சியே வேண்டாம்.

கிரையோஜெனிக் எஞ்சின் வேறு ஜாதி. திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி, திரவ ஆக்ஸிஜன் மைனஸ் 183 டிகிரி. ஹைட்ரஜன் லேசானது என்பதால் வாயு நொடிக்கு 4 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் பாயும். விகாஸில் 3 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அறைக்குள் ஏறத்தாழ 3,000 டிகிரி சூடு. செம்போ 1,085 டிகிரியில் உருகிவிடும். அப்படியிருக்க, செம்புக் கலவைச் சுவர் எப்படித் தாங்குகிறது? சுவருக்குள் இருக்கும் மெல்லிய வழிகளில் குளிர்ந்த ஹைட்ரஜனையே ஓட விடுகிறார்கள். அது சுவரைக் காப்பாற்றி, தானும் சூடேறிப் பிறகு எரியப் போகிறது. ஸ்டவ்வின் சூடான குழாயை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் தப்பு. 2010 ஏப்ரல் 15 அன்று நம் முதல் சொந்தக் கிரையோஜெனிக் எஞ்சினுடன் ஜி.எஸ்.எல்.வி. கிளம்பி, வங்காள விரிகுடாவில் விழுந்தது. ஹைட்ரஜனைத் தள்ளும் பூஸ்டர் பம்ப் சுற்ற ஆரம்பித்து, சில நொடிகளில் நின்றுவிட்டது. எஞ்சின் வேலை தெரிந்த என் தங்கை பிள்ளைக்குப் போன் பண்ணி, "இத்தனை வருஷம் ஆச்சு, ஒரு பம்ப்பைச் சுத்த வைக்கத் தெரியலையாடா?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் கோபப்படவில்லை. "மாமா, நெருப்பு மூட்டறது கஷ்டமே இல்லை. நெருப்புக்குச் சாப்பாடு போடறதுதான் கஷ்டம். ஒரு பக்கம் மைனஸ் 253, இன்னொரு பக்கம் கொதிக்கிற வாயு, நடுவில ஒரே தண்டு, நிமிஷத்துக்குப் பல்லாயிரம் சுத்து. அத்தனையும் ஒத்துழைக்கணும்" என்றான். முப்பது வருஷம் பம்ப் பாடம் நடத்தியவனுக்குப் பதில் வரவில்லை.

2013 ஆகஸ்ட் 19 அன்று, கிளம்ப 74 நிமிஷம் இருக்கும்போது இரண்டாவது கட்டத்தில் எரிபொருள் கசிவைக் கண்டு நிறுத்திவிட்டார்கள். நாடே பார்த்துக்கொண்டிருந்த நேரம்! ராக்கெட்டைத் திருப்பிக் கொண்டுபோய், வேறு அலுமினியக் கலவையில் புது டாங்க் செய்தார்கள். 2014 ஜனவரி 5 அன்று வெற்றி. அன்று அவனுக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். "அந்த 74 நிமிஷத்துக்குப் பாராட்டுங்கோ மாமா" என்றான்.

வெற்றிக்குப் பிறகும் பாடம் முடியவில்லை. 2021 ஆகஸ்ட் 12 அன்று ஹைட்ரஜன் டாங்கின் ஒரு வால்வு கசிந்து, அழுத்தம் குறைந்து, கிரையோ எஞ்சின் பற்றவே இல்லை. அதைச் சரிசெய்து 2023 மே 29 அன்று மறுபடியும் ஜெயித்தார்கள்.

நம்மில் பலர் அகத்துக் குழந்தைகள் இப்படிப்பட்ட வேலைகளில் இருக்கிறார்கள். ராத்திரி தாமதமாக வந்தால், "இன்னும் முடியலையா?" என்று கேட்காதீர்கள். "இன்னிக்கு என்ன கண்டுபிடிச்சே?" என்று கேளுங்கள். ஒரு சின்னக் கசிவைக் கண்டு, "இன்று வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அதுவும் ஒரு நாள் வேலைதான்.