எல்லாம் பச்சை, ஆனா க்யூ காணோம்: ரேபிட்எம்க்யூ 4.0 அப்கிரேட் கதை

போன எபிசோடுக்கு வந்த மெயில்களில் பாதிப் பேர் கேட்டிருந்தது ஒரே கேள்வி: "ப்ரோ, எங்க கிளஸ்டர் இன்னும் 3 சீரிஸ்லயே ஓடுது. 4-க்குப் போகலாமா?" போகலாம், போகணும். ஆனால் நாங்கள் போனபோது என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு நிமிட அறிமுகம். ஹோட்டலில் சர்வர் ஆர்டர் சீட்டைக் கம்பியில் குத்திவிட்டு அடுத்த டேபிளுக்குப் போய்விடுவார். மாஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்துச் சமைப்பார். யாரும் யாருக்காகவும் காத்து நிற்க வேண்டியதில்லை. அந்தக் கம்பிதான் மெசேஜ் க்யூ. ரேபிட்எம்க்யூ 2007-லிருந்து இந்த வேலையைச் செய்யும் சாஃப்ட்வேர், எர்லாங் மொழியில் எழுதப்பட்டது. கம்பி ஒரே சர்வரில் இருந்தால் அது விழுந்ததும் கடை மூடல். அதனால் மூன்று சர்வர்களைச் சேர்த்து கிளஸ்டர் ஆக்குகிறோம். ஒவ்வொரு சர்வரும் ஒரு நோட்.

இதில் ஒரு நுணுக்கம். கிளஸ்டர் போட்டுவிட்டாலே க்யூவுக்கு மூன்று பிரதி வந்துவிடாது. சாதாரண கிளாசிக் க்யூ ஒரே ஒரு நோடில்தான் வாழும். மற்ற நோட்களிலும் ஜெராக்ஸ் வேண்டும் என்றால், பழைய வெர்ஷன்களில் மிரரிங் பாலிசி போடுவோம். எங்களுடையதும் அப்படித்தான். யாரோ எப்போதோ போட்ட பாலிசி, அவர் வேலையை விட்டே போய்விட்டார்.

நாங்கள் இருந்தது 3.11. அங்கிருந்து நேராக 4.0-க்குத் தாவ முடியாது. 3.12, 3.13, அப்புறம்தான் 4.0. ஒவ்வொரு படியிலும் எல்லா நோடும் புது வெர்ஷனுக்கு வந்த பிறகு ஃபீச்சர் ஃப்ளாக்குகளை ஆன் பண்ண வேண்டும். மறந்துவிட்டு அடுத்த படிக்குப் போனால், புது நோட் ஸ்டார்ட் ஆகவே ஆகாது. ஸ்டேஜிங்கில் நாங்களும் மறந்தோம். நோட் அடம்பிடித்து நின்றது. லாகில் காரணம் தெளிவாக இருந்தது, பத்து நிமிடத்தில் சரி செய்தோம். அன்றைக்கு அதைத் திட்டினேன். இப்போது யோசித்தால், அதுதான் நல்ல தவறு. சத்தம் போட்டுச் சொன்னது.

புரொடக்‌ஷனில் எல்லாம் கச்சிதம். ஒரு நோடை மெயின்டனன்ஸ் மோடில் வைத்து, கனெக்‌ஷன்களை நகர்த்தி, நிறுத்தி, அப்கிரேட் செய்து, எழுப்பி, அடுத்த நோடுக்குப் போனோம். ராத்திரி ஒரு மணிக்கு மூன்றும் 4.0. டாஷ்போர்டில் எல்லாம் பச்சை. "சூப்பர்டா" என்று டீ குடிக்கக் கிளம்பிவிட்டோம்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம், ஒரு நோட் இருந்த மெஷின் விழுந்தது. பதறவில்லை. இரண்டு நோட் இருக்கிறதே! ஆனால் பணம் கட்டியவர்களுக்கு ரசீது அனுப்பும் வொர்க்கர், உயிரோடு இருந்த நோடில் கனெக்ட் ஆகி, க்யூவைக் கேட்டால் 404. அந்த க்யூ குடியிருக்கும் நோட் கீழே இருக்கிறது என்று பதில்.

சப்போர்ட் டீமில் இருக்கும் அக்கா போன் பண்ணினார்: "தம்பி, மெஷின் விழுந்தாலும் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்க. இங்க போன் நிக்கவே மாட்டேங்குது. ரசீது வரலைன்னு ஜனங்க ரெண்டாவது தடவ பணம் கட்டுறாங்க."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். 2024 செப்டம்பரில் வந்த 4.0-ல் மிரரிங் வசதியையே எடுத்துவிட்டார்கள். பாலிசியில் அந்த வரி இருந்தாலும் அதற்கு எந்தப் பலனும் கிடையாது. க்யூ வேலை செய்யும், மெசேஜ் போகும் வரும். ஜெராக்ஸ் மட்டும் இருக்காது. எரர் வராது, நோட் அடம்பிடிக்காது.

இது ரேபிட்எம்க்யூவின் குற்றம் இல்லை. மிரரிங் போகப்போகிறது என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 3.13 லாகிலேயே வார்னிங் இருந்தது. தினமும் பார்த்துப் பழகிய வார்னிங் கண்ணில் படுமா? எங்களுக்குப் படவில்லை.

நாற்பது நிமிடத்தில் நோட் எழுந்தது. காத்திருந்த மெசேஜ்கள் அப்படியே இருந்தன. நடுவில் போக இடமில்லாமல் போனவற்றை டேட்டாபேஸைப் பார்த்து, கையால் திரும்ப அனுப்பினோம். இரண்டு தடவை கட்டியவர்களுக்குப் பணத்தைத் திருப்ப ஒரு வாரம். அந்த வாரம் முழுக்க அக்கா முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில், 3.13-ல் இருக்கும்போதே பாலிசிகளைப் பட்டியல் எடுங்கள். ஹெச்ஏ என்று தொடங்கும் வரி எதில் இருந்தாலும் அங்கேயே நில்லுங்கள். மிரரிங்கை 3.13-லேயே தடை செய்ய கான்ஃபிக்கில் ஒரு செட்டிங் உண்டு. ஸ்டேஜிங்கில் அதைப் போட்டுப் பாருங்கள், கேட்க வேண்டிய சத்தம் அப்போதே கேட்கும்.

இரண்டாவது, முக்கியமான க்யூக்களை கோரம் க்யூவுக்கு மாற்றுங்கள். 3.8-லிருந்தே இருக்கிறது. ராஃப்ட் முறையில் இயங்கும், மூன்றில் இரண்டு நோட் இருந்தால் போதும். ஆனால் இருக்கும் க்யூவின் வகையை அப்படியே மாற்ற முடியாது. புது வர்ச்சுவல் ஹோஸ்டில் கோரம் க்யூக்களை உருவாக்கி, ஷவல் பிளகின் வைத்துப் பழைய மெசேஜ்களை நகர்த்துவது எங்களுக்கு ஒத்துவந்தது.

இங்கேயும் சத்தம் போடாத ஒன்று உண்டு. 4.0-ல் கோரம் க்யூவுக்கு டெலிவரி லிமிட் 20, நீங்கள் கேட்காமலேயே வரும். உங்கள் வொர்க்கர் ஒரே மெசேஜைத் திரும்பத் திரும்பக் க்யூவுக்கே தள்ளிவிடும் பழக்கம் உள்ளதா? லிமிட்டைத் தாண்டியதும், டெட் லெட்டர் ஏற்பாடு இல்லையென்றால், அந்த மெசேஜ் போயே போச்சு. அதனால் டெட் லெட்டரை முதலில் போடுங்கள்.

மூன்றாவது, ஒரு நோடை நிறுத்தும் முன், அதை நிறுத்தினால் எந்த க்யூவாவது மெஜாரிட்டி இழக்குமா என்று கேட்கும் கமாண்ட் இருக்கிறது. ஒவ்வொரு நோடுக்கும் தவறாமல் ஓட்டுங்கள். கடைசியில் ஃபீச்சர் ஃப்ளாக்குகளை ஆன் செய்யும்போது ஞாபகம் இருக்கட்டும்: ஆன் செய்ததை ஆஃப் செய்ய முடியாது. திரும்பிவர வழி வேண்டும் என்றால், பழைய கிளஸ்டர் பக்கத்திலேயே இருக்க, புதியதைத் தனியாக எழுப்பி மாறுங்கள்.

நான்காவது, இதை மட்டும் செய்திருந்தால் எங்களுக்கு அந்தச் சாயங்காலம் வந்திருக்காது. அப்கிரேட் முடிந்ததும், ஆட்கள் எல்லாரும் பக்கத்தில் இருக்கும்போதே, ஒரு நோடை நீங்களே நிறுத்துங்கள். ரசீது போகிறதா என்று பாருங்கள். பிறகு அடுத்த நோட், அதற்கடுத்த நோட்.

வெர்ஷன் நம்பர் மாறியதை மட்டும் பார்த்துவிட்டு நாங்கள் டீ குடிக்கப் போனோம். நீங்கள் நோடை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போங்கள், டீ இன்னும் நல்லா இருக்கும்.

உங்கள் கிளஸ்டரில் யாரோ எப்போதோ போட்ட பாலிசி எத்தனை இருக்கிறது? எண்ணிப் பார்த்து எழுதுங்கள். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.