பிள்ளை பார்ப்பதும் தொழிலே

தோட்டத்தில் நாம் பெரட்டுக்குப் போகுமுன் ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டோம். ஆயாவுக்குத் தோட்டமே சம்பளம் கொடுத்தது. சீபீல்ட் தோட்ட மண்ணில் 1976இல் சுபாங் ஜெயா எழத் தொடங்கியது. இன்று அப்படிப்பட்ட பட்டணங்களில் வீட்டிலேயே பிள்ளை பார்க்கும் நம் பெண்கள், கூலியைத் தாமே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

முகத்தாட்சணைக்காக வாய்ப்பேச்சோடு விட்டுவிட்டால், இரண்டு மாதப் பாக்கி ஏறிய பிறகு கேட்க நா எழாது. ஆகவே பிள்ளையைச் சேர்க்கும் அன்றே மாதக் கட்டணம், கட்டும் தேதி, அழைத்துச் செல்லும் நேரம், விடுமுறைக் கணக்கு ஆகியவற்றை எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். வாங்கும் பணத்துக்கு ரசீது கொடுக்க வேண்டும். பாக்கி நின்றுபோனால், அந்தத் தாளைக் கொண்டு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே சிறுதொகை வழக்குப் போடலாம்.

சோதனைக்கு அதிகாரி வருவாரே என்று சிலர் அஞ்சுகிறார்கள். 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நால்வரோ அதற்கு மேலோ கூலிக்குப் பார்க்கப்பட்டால், அந்த இடத்தைச் சமூகநல இலாகாவில் பதிய வேண்டும். பதிந்து, பிள்ளைகளின் பெயரேட்டை ஒழுங்காக வைத்திருப்பவருக்கு அச்சம் எதற்கு?

பெற்றோருக்கும் ஒரு சொல். பணம் தாமதமாகுமானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம் பிள்ளைக்குச் சோறூட்டுகிறவர் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டுமல்லவா?