மந்தம்னு சொல்லாதீங்க
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

சேமிப்பு, கடன் பற்றி மற்றவர்கள் நல்லாப் பேசிட்டாங்க. நான் என் பையனைப் பற்றிப் பேசுறேன்.

அவன் இப்போ ஏழாவது. குழுக் கூட்டத்துக்கு என்கூட வருவான். நூத்துக்கு ஒரு ரூபா வட்டின்னா 7,500-க்கு மாசம் எவ்வளவுன்னு நாம விரலை மடக்குறதுக்குள்ள சொல்லிடுவான். ஆனா நோட்டு அட்டையில இருக்குற குழுப் பேரை வாசிக்கச் சொன்னா வேர்த்துடும். ‘கெ’ எழுதச் சொன்னா கொம்பைப் பின்னாடி போடுவான். யோசிச்சுப் பாருங்க, வாயில ‘க்’ முதல்ல வருது, எழுத்துல கொம்பு முதல்ல வருது. அவன் கேக்குறதும் நியாயந்தானே?

சொந்தக்காரங்க மந்தம்னாங்க. மாமியார் கொழுப்புன்னாங்க. எட்டாவது வரைக்கும் பாஸ் போட்டுடுறதால மார்க் அட்டையைப் பாத்தும் ஒண்ணும் தெரியாது. ஒன்பதாவதுல முட்டி நின்னு, பள்ளிக்கூடம் போகமாட்டேன்னு பிள்ளை உக்காரும். அப்புறம் நம்ம பக்கத்துல என்ன சொல்வாங்கன்னு உங்களுக்கே தெரியும். ‘படிப்பு ஏறல, பட்டாசு வேலைக்கு அனுப்பு.’

பள்ளிக்கூடத்துக்கு வட்டார வள மையத்துல இருந்து ஒரு சிறப்பாசிரியர் வந்தாங்க. அவங்கதான் பரிசோதனைக்கு வழி காட்டினாங்க. கற்றல் குறைபாடு, டிஸ்லெக்சியான்னு பேர் சொன்னாங்க. கண்ணுல குறை இல்ல, புத்தியிலயும் இல்ல. கேக்குற சத்தத்தையும் பாக்குற எழுத்தையும் மூளை சேர்த்துப் பிடிக்கிறதுலதான் சிக்கல். இதுக்கு மருந்து மாத்திரை கிடையாது, சொல்லிக் கொடுக்குற விதம் மாறணும். குடும்பத்துல வழிவழியா வர்றதும் உண்டாம்.

அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் பேசவே இல்ல. ஆறாவதோட நின்னவர் அவர். இன்னிக்கும் பஸ் போர்டை யாரையாவது கேட்டுட்டுத்தான் ஏறுவார். நாப்பது வயசுல தன்னைப் பத்தி ஒரு விஷயம் தெரிஞ்சுக்கிட்டார். இப்போ தாம்பாளத்துல மணலைப் பரப்பி, அப்பனும் மகனும் சத்தத்தைச் சொல்லிச் சொல்லி விரலால எழுதுறாங்க. பாடத்தை மக வாசிச்சுக் காட்டுறா. இப்பவும் மெதுவாத்தான் வாசிக்கிறான், ஆனா நோட்டை ஒளிச்சு வைக்கிறதில்ல.

2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்குற 21 வகையில இதுவும் ஒண்ணு. சான்று இருந்தா பத்தாவது பொதுத்தேர்வுல ஒரு மணி நேரம் கூடுதலாக் கேக்கலாம். பிள்ளை சொல்லச் சொல்ல எழுத ஆள் கேக்கலாம். தலைமையாசிரியர் மூலமா முன்கூட்டியே விண்ணப்பிக்கணும். இன்னொண்ணு, 18 வயசு முடியாத பிள்ளையைப் பட்டாசு வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு சட்டத்தைத் திருத்தினதும் அதே 2016-லதான்.

மூணாவது, நாலாவது படிக்கிற பிள்ளைக்கு எழுத்து பிடிபடலைன்னா, சிறப்பாசிரியர் எந்த நாள் வருவாங்கன்னு பள்ளிக்கூடத்துல கேளுங்க. தனியாப் போகக் கூச்சமா இருந்தா என்னைக் கூப்பிடுங்க, கூட வர்றேன்.