சாயவேரின் உறவும் இரவு மின்சாரமும்

2012-ல் தமிழகத்தை வாட்டிய மின்வெட்டு, டீசல் ஜெனரேட்டர் இல்லாமல் பட்டறை நடத்த முடியாது என்ற நிலைக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையைத் தள்ளியது. இன்று கூரையில் சோலார் தகடு பதிக்கலாம்; ஆனால் பொழுது சாய்ந்ததும் அது ஓய்ந்துவிடும். பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்க லித்தியம் ஒன்றையே நம்பியிருக்கக் கூடாது, தண்ணீரில் கரையும் கரிம மூலக்கூறுகளையும் நாம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம்.

காரில் ஏறும் பேட்டரிக்கு எடை முக்கியம். ஓரிடத்தில் நிற்கும் பேட்டரிக்கு விலையும் ஆயுளும் தீப்பிடிக்காத தன்மையுமே முக்கியம். அந்தத் தேவைக்குப் பொருந்தும் பாய்வு மின்கலம் என்ற பேட்டரியில் ஆற்றல் இரண்டு தொட்டிகளிலுள்ள கரைசல்களில் தங்குகிறது. பம்பு அவற்றை நடுவிலுள்ள கலத்துக்குள் செலுத்தும்போது மின்சாரம் கிடைக்கிறது. நான்கு மணி நேரச் சேமிப்பை எட்டாக்க, தொட்டியையும் கரைசலையும் பெருக்கினால் போதும். இவ்வகையில் வனேடியம் முந்திக்கொண்டது; ஆனால் அது விலை நிலையில்லாத உலோகம். 2014-ல் ஹார்வர்டின் மைக்கேல் அசீஸ் குழு, அதன் இடத்தில் ஆந்த்ராகுயினோன் வகைக் கரிமச் சேர்மத்தை வைத்துக் காட்டியது. சோழமண்டலக் கரையில் துணிக்குச் சிவப்பேற்றிய சாயவேரின் அலிசரினும் அதே குடும்பம். 2015-ல் அக்குழு எடுத்துக்கொண்ட மூலக்கூறுக்கும் அலிசரினுக்கும் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் அமர்ந்த இடம் மட்டுமே வேறு.

கரிம மூலக்கூறு சிதைந்துவிடுமே என்பார்கள். உண்மைதான், 2015-ன் மூலக்கூறு நாளுக்குச் சில விழுக்காடு திறனை இழந்தது. ஆனால் சிதைவின் காரணம் கண்டறியப்பட்டபின் வடிவமைத்த மூலக்கூறுகளில் அந்த இழப்பு ஆண்டுக்குச் சில விழுக்காடாகக் குறைந்தது. கரைசலில் காற்றைச் செலுத்திச் சிதைந்ததில் ஒரு பகுதியை மீட்கவும் முடிந்தது. லித்தியத்தின் விலைதான் சரிகிறதே என்பது அடுத்த மறுப்பு. சில மணி நேரச் சேமிப்புக்கு அது சரியான தேர்வு என்பதை ஏற்கிறேன். இரவு முழுவதற்கும் வேண்டுமென்றால், லித்தியத்தில் ஒவ்வொரு கூடுதல் மணிக்கும் முழு பேட்டரியையே பெருக்க வேண்டும். கணக்கு மாறுவது அங்கேதான்.

இங்கே எழும் கடினமான கேள்வி வெப்பம். அறை வெப்பநிலையில் நிலைக்கும் மூலக்கூறு ஆவடியின் மே மாத வெயிலிலும் நிலைக்குமா? இதற்கு இங்கே நடக்கும் சோதனைதான் பதில் சொல்லும். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. பம்பு, குழாய், தொட்டி, கேஸ்கெட் ஆகியவை அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் தெரியாத வேலைகள் அல்ல. இரு தரப்பும் சேர்ந்து ஒரு கலத்தைக் கோடை முழுக்க ஓட்டி, இழப்பைக் கணக்கிட்டு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வெற்றியோ தோல்வியோ, நம் வெயிலுக்கேற்ற பேட்டரி எது என்பதை நாமே தீர்மானிக்க அந்தக் கணக்கு உதவும்.