கர்னலுக்கு 54, வழக்கறிஞருக்கு வயதில்லை



இந்தியத் தரைப்படையில் லெப்டினன்ட் கர்னல் வரை போவதற்குப் பெரிய தடை கிடையாது. உரிய தேர்வுகளில் தேறி, 13 ஆண்டுப் பணியை முடித்தால் அந்தப் பதவி வந்துவிடும். அடுத்த படிதான் கடினம். கர்னல் பதவிக்குக் காலியிடங்கள் குறைவு. ஒரே ஆண்டில் சேர்ந்த அதிகாரிகளின் கோப்புகளை ஒன்றாக எடுத்து, மேலதிகாரிகள் வருடா வருடம் எழுதிய ரகசிய அறிக்கைகளைப் பார்த்துத் தேர்வுக் குழு முடிவெடுக்கிறது. தேறியவரின் தோளில் சிங்கமுகச் சின்னத்தோடு இரண்டு நட்சத்திரங்கள். சட்டைக் காலரில் சிவப்புப் பட்டை. தேறாதவருக்கு அதே சின்னத்தோடு ஒற்றை நட்சத்திரம்தான். கூடப் பயிற்சி பெற்ற நண்பருக்கே அவர் சல்யூட் அடிக்க வேண்டிவரும். அதற்காக அவரைத் திறமை குறைந்தவர் என்று சொல்வது அநியாயம். ஒரு பட்டாலியனுக்கு ஒரே ஒரு கமாண்டிங் அதிகாரிதானே!

இஸ்ரோ விஞ்ஞானிக்கு இந்த நெருக்கடி இல்லை. குறிப்பிட்ட ஆண்டுகள் முடிந்ததும் அவர் செய்த வேலையை மதிப்பிடுகிறார்கள். நேர்முகத்தில் தேறினால், காலியிடம் இல்லாவிட்டாலும் உயர்வு உண்டு. நிர்வாகத்துக்குப் போகாமல், பிடித்த ஆய்விலேயே இருந்துகொண்டு மேலே போகலாம். மற்றத் துறைகளும் பின்பற்றவேண்டிய முறை இது.

வழக்கறிஞர் தொழிலின் கணக்கே வேறு. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி, ‘மூத்த வழக்கறிஞர்’ என்ற தகுதியை உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் வழங்குகின்றன. இதற்கு 2017இல் மதிப்பெண் முறை வந்தது. 2025இல் உச்ச நீதிமன்றமே அதைக் கைவிட்டது. இந்தத் தகுதி கிடைத்ததும் சில உரிமைகள் போய்விடும். மூத்த வழக்கறிஞர் வக்காலத்து தாக்கல் செய்யக்கூடாது. கட்சிக்காரரிடம் நேரடியாக வழக்கு வாங்கக்கூடாது. இன்னொரு வழக்கறிஞர் துணையில்லாமல் ஆஜராகக்கூடாது. வாதாடுவதே அவருடைய முக்கிய வேலை.

ஆனால் வழக்கறிஞருக்கு ஓய்வு வயது கிடையாது. கர்னல் 54 வயதிலும், உயர் நீதிமன்ற நீதிபதி 62இலும் ஓய்வு பெறுகிறார்கள். ஸ்ரீரங்கத்தில் பிறந்த மூத்த வழக்கறிஞர் கே. பராசரன் 2019இல் அயோத்தி வழக்கில் வாதாடியபோது அவருக்கு வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. உட்கார்ந்தே பேசலாம் என்று தலைமை நீதிபதி சொல்லியும், மரபை மதித்து நின்றபடியே வாதாடினார்.

பிள்ளைகளுக்குத் தொழில் தேடும் பெற்றோர் முதல் மாதச் சம்பளத்தை விசாரிப்பதோடு நிறுத்த வேண்டாம். நாற்பது வயதுக்குமேல் அந்தத் துறையில் உயர்வு எப்படிக் கிடைக்கிறது, யார் கொடுக்கிறார்கள் என்பதையும், அதில் இருப்பவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.