படலையும் கேள்வியும்: சிவரமணியின் ஒரு கவிதை

(மோர்னிங்சைட்டில் நடந்த வாசிப்புக் கூடலில் பேசியதன் எழுத்துவடிவம்)



இண்டைக்கு எங்கட கையில் இருப்பது ஒரு பக்கத்துக்குள் அடங்கும் கவிதை. போர்க்கால இரவுகள் எங்கட பிள்ளைகளை எப்படிப் பெரியவர்கள் ஆக்கின என்று சிவரமணி எழுதியது. வாசித்து முடிய ஒரு தோழர் கேட்டார்: "இளைஞரின் கலகக் கவிதை எண்டு சொன்னீங்கள், இதில கலகம் எங்க?" நல்ல கேள்வி. அதிலிருந்தே தொடங்கிறன்.

சிவரமணி 1968இல் பிறந்தவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவி. பெண் கவிஞர்களின் 'சொல்லாத சேதிகள்' தொகுப்பு 1986இல் வந்தபோது அதில் அவருடைய கவிதைகளும் இருந்தன. 1991 மே மாதம், தன் கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 22. மற்றவர்களிடம் இருந்தவை மட்டுமே மிஞ்சின. அந்தச் சாவை நாங்கள் வீரமாக்க வேண்டாம். எழுதியதை வாசிப்பம்.

முதல் வாசிப்பில், போர் பிள்ளைகளின் விளையாட்டைப் பறித்தது என்று விளங்கும். அது உண்மை. பதாகையில் எழுதவும் வசதி.

ஆனால் பிள்ளைகள் பழகிக்கொண்டவற்றைப் பாருங்கள். படலையை நேரத்தோடு சாத்துவது, நாய் குரைக்கிற விதத்தை அறிவது, கேள்வி கேட்காமல் இருப்பது. மூன்றையும் ஒரே வரிசையில் வைக்கிறார். முதல் இரண்டும் உயிர் தப்பும் வழி. மூன்றாவதும் அப்படியே பழக்கமாகிவிடுகிறது. விளையாட்டிலோ, எதிரியாகச் சாவது கூட்டாளிதான்.

எந்தத் துப்பாக்கி என்று கவிதை சொல்லேல்லை. அந்த ஆண்டுகளில் இலங்கை இராணுவம், இந்திய இராணுவம், எங்கட இயக்கங்கள் எல்லாரிடமும் துப்பாக்கி இருந்தது. கேள்வி கேட்ட ரஜனி திராணகம 1989 செப்டம்பர் 21 சுட்டுக் கொல்லப்பட்டார். கவிஞர் செல்வியை 1991 ஓகஸ்டில் புலிகள் பிடித்துச் சென்றார்கள். அவர் திரும்பி வரவேயில்லை.

ஆக, இந்தக் கவிதையில் வளருவது எண்டால் அடங்கிப் போவது. அந்த வளர்ச்சியைப் பாராட்ட மறுக்கிறாரே, தோழர் கேட்ட கலகம் அங்கதான் இருக்கு.

என்ரை கதையையும் சொல்லவேணும். 2009 மே 10, கார்டினர் நெடுஞ்சாலையை மறித்து நின்றவர்களில் நானும் ஒருத்தி. வன்னியில் அரசின் எறிகணைகள் சனத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தன. மறித்தது சரிதான், இண்டைக்கும் சொல்லுவன். பக்கத்தில் நின்ற அண்ணா ஒருவரிடம் கேட்டன்: "சனத்தை வெளியில விடச்சொல்லி இயக்கத்திட்டயும் கேக்க வேண்டாமா?"

"தங்கச்சி, உது கதைக்கிற நேரம் இதில்லை" என்றார். கோபமாக இல்லை, அன்பாகத்தான் சொன்னார். நான் படலையைச் சாத்தினேன். பத்து வருசமாக அந்தக் கேள்வியை எங்கயும் கேட்கேல்லை.

போன வருசம் எங்கட கூட்டத்தில் ஒரு புதுத் தோழி, "எங்கட அறிக்கையில சாதி பற்றி ஏன் ஒரு வரியும் இல்லை?" என்று கேட்டா. "அதைப் பிறகு பாப்பம்" எண்டு சொன்னது நான்தான். அண்ணா சொன்னதும் இதுதானே. நானும் வளர்ந்துவிட்டேன்.

அந்தத் தோழி அதற்குப் பிறகு வரேல்லை. நேற்று அவவுக்குத் தொலைபேசி எடுத்து மன்னிப்புக் கேட்டன். அடுத்த கூட்டத்தில் முதல் விடயம் அவவின்ரை கேள்வி. வந்தாலும் வராவிட்டாலும்.