லயத்துக்கு ஒரு முகவரி

தமிழகத்துக் கிராமங்களில் கண்டிச் சீமை என்ற சொல் ஒரு நகரத்தை மட்டும் குறித்ததில்லை. இலங்கையின் மலைநாடு முழுவதையுமே அது குறித்தது. புகைவண்டி கண்டியை வந்தடைந்தது 1867ஆம் ஆண்டில். அதே ஆண்டில்தான் நகருக்குத் தென்கிழக்கே, லூல்கந்துர தோட்டத்தில், ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அத்தேயிலையை நம்பிக் கடல் கடந்து வந்த மக்களுக்கும் அவர்தம் ஊருக்கும் இடையே நின்ற பாலம் கடிதமே.

1914ஆம் ஆண்டு முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. இரு கரைகளிலும் புகைவண்டிகள் காத்திருந்தன. அஞ்சலையும் சுமந்து சென்றமையால் அப்பயணத்துக்கு போட் மெயில் என்றே பெயர் வழங்கிற்று. எனினும், கண்டியை அடைந்த கடிதம் லயத்தை அடைந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. தோட்டத்துத் தப்பால்காரர் மலைப்பாதையில் இறங்கி, அருகிலுள்ள தபாற் கந்தோருக்குச் சென்று, பையை வாங்கிக்கொண்டு மீள வேண்டும். அப்பை முதலில் தோட்டத்துக் காரியாலயத்துக்கே சென்றது. அதன் பின்னரே கடிதம் உரியவர் கைக்கு வந்தது. எழுத்தறியாதோர், அறிந்தவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டனர். வீட்டின் இரகசியமும் அயலார் வாய்வழியேதான் வீட்டுக்கு வந்தது.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அண்ணன் அக்கரையிலும் தம்பி இக்கரையிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. முன்னர் இராமநாதபுரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் கண்டிக்குக் கடிதம் வந்தது. பின்னர் கோத்தகிரியிலும் கூடலூரிலும் குடியேறியோர், தாம் பிறந்த மலைநாட்டுக்கே அயல்நாட்டுத் தபால்தலை ஒட்டி எழுதலாயினர். ஒப்பந்தம் கைச்சாத்தான ஆண்டின் டிசம்பர் மாதத்திலேயே புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேஸ்வரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் 1980களில் நின்றுபோயிற்று.

இன்று சுகசெய்தியைக் கைத்தொலைபேசி சொல்லிவிடுகிறது. மத்திய கிழக்கில் பணிபுரியும் மகளின் முகத்தையும் அதிலேயே காணலாம். ஆயினும் கடிதத்தின் தேவை தீர்ந்துவிடவில்லை. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு, வங்கியின் அறிவித்தல், நீதிமன்றக் கட்டளை ஆகியன காகிதத்திலும் வருகின்றன. பல குடும்பங்கள் வாழும் லய வரிசையில் கதவுக்கு இலக்கமில்லை, பாதைக்குப் பெயரில்லை. தோட்டத்தின் பெயர் ஒன்றே அனைவருக்கும் முகவரி. ஒரே பெயருடையோர் பலர் இருப்பின், யாருக்கு வந்தது என்பதிலும் ஐயம் எழுகிறது. ஒரு கடிதம் காரியாலய மேசையில் ஒரு வாரம் கிடந்தால், தேர்வு நாள் கடந்துவிடும். பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளை ஒருவனின் வாழ்வு அந்த ஒரு வாரத்தில் திசை மாறக்கூடும்.

வீட்டுக்கு ஓர் இலக்கமும் பாதைக்கு ஒரு பெயரும் இடுதல் பெருஞ்செலவான காரியமன்று. கதவைத் தேடித் தபாற்காரர் நேரே வரும் நாளில், அவ்வீட்டார் தோட்டத்தின் ஆட்கள் என்ற நிலை மாறி, நாட்டின் குடிகளாக அறியப்படுவர். தலைமுறை பல கடந்தும் அவர்கள் காத்திருப்பது அந்தக் கடிதத்துக்கே.